மின்னஞ்சல் தலைப்பும் பெயரின் புள்ளியும்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914இல் கப்பற்சேவை தொடங்கியது. புகையிரதத்துடன் இணைந்த அந்த 'போட் மெயில்' வழியே இரு கரையினரின் கடிதங்களும் கடல் கடந்தன. முகவரியில் சிறு பிழை இருப்பினும் ஊரறிந்த தபாற்காரர் கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பித்துவிடுவார். ஆனால், காசுக்கட்டளை வந்தால் ஆளை உறுதிசெய்து, கையொப்பம் பெற்ற பின்னரே பணத்தைக் கொடுப்பார். மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி எவ்வளவு நெகிழ்வாக இருக்கலாம் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை உண்டு.

நாம் கடிதத்தின் தொடக்கத்தில் அனுப்புநர், பெறுநர், திகதி, பொருள் என எழுதுவதைப் போன்றதே மின்னஞ்சலின் தலைப்பு. அதனைக் கணினிகள் வாசிப்பதால் அதற்கென விதிகள் உள்ளன. 1982இல் வெளியான ஆர்.எப்.சி. 822 என்னும் ஆவணம் அவற்றை வகுத்தது.

அவ்விதிகளின்படி, மேற்கோட்குறிக்குள் இடாமல் பெயரில் புள்ளி வைப்பது பிழையாகும். முகவரியின் பகுதிகளைப் பிரிக்கும் குறியாகவும் புள்ளியே பயன்படுவதால் கணினி குழம்பக்கூடும் என்பதே காரணம். எம்மவர்களோ, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், தலைப்பெழுத்தும் புள்ளியும் இன்றிப் பெயர் எழுதுவது அரிது. உலகின் பிற பாகங்களிலும் பலர் அவ்வாறே எழுதினர். எனவே 2001இல் வெளியான ஆர்.எப்.சி. 2822, பெயர்களின் தலைப்பெழுத்துக்களையே காரணமாகச் சுட்டி, அத்தகைய புள்ளியைப் பெறும் மென்பொருள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது. புதிதாக எழுதும் மென்பொருள் மட்டும் பழைய ஒழுங்கைப் பேண வேண்டும். 2008இன் ஆர்.எப்.சி. 5322உம் இதனையே பின்பற்றியது.

அனுப்பும்போது கண்டிப்பும் பெறும்போது தாராளமும் வேண்டும் என்ற இக்கோட்பாட்டை, இணைய முன்னோடிகளுள் ஒருவரான ஜோன் பொஸ்டல் 1980லேயே முன்வைத்திருந்தார்.

மொழி விடயத்திலும் நெகிழ்வு மெல்லவே வந்தது. ஆரம்பத்தில் தலைப்பில் ஆங்கில எழுத்துக்களுக்கே இடமிருந்தது. 1992இல், பிறமொழிப் பெயர்களைக் குறியீடாக மாற்றி அனுப்பும் முறை உருவானது. 2012இன் விதிகள் தமிழை நேரடியாகவே எழுத அனுமதித்தன. எனினும் வழியிலுள்ள வழங்கிகளும் அதனை ஏற்க வேண்டும். 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்களுக்கும், தமிழகத்துக்கும் மேலைநாடுகளுக்கும் சிதறிய தமிழருக்கும் கடிதமே உறவுப் பாலம். அதில் தம் பெயரைத் தம் மொழியில் எழுத விரும்புவது மிகையான ஆசையன்று.

ஆனால், அளவற்ற தாராளம் ஆபத்தாகும். 'அனுப்புநர்' வரி ஒரு கடிதத்தில் ஒருமுறையே இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு இருந்தும் ஏற்றுக்கொண்டால், பாதுகாப்பு மென்பொருள் ஒன்றைச் சோதிக்க, வாசகர் மற்றொன்றைக் காண நேரலாம். வளைகுடாவில் உழைப்பவர் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு, வங்கியின் பெயரில் வரும் ஒரு போலிக் கடிதமே போதும். பிழைகளைச் சகித்துக்கொண்டே போனால் விதிகள் சீர்கெடும் என இணையக் கட்டமைப்புச் சபையின் 2023ஆம் ஆண்டு ஆவணமும் எச்சரித்துள்ளது.

ஆகவே, பெயரை எழுதும் முறையில் நெகிழ்வும் அனுப்பியவரை அடையாளங்காண்பதில் கண்டிப்பும் வேண்டும் என்பதே எமது கருத்தாகும். திரையில் தெரியும் பெயரை எவரும் எவ்வாறும் எழுதிவிடலாம் என்பதால், அதன் அருகிலுள்ள முகவரியையும் பார்த்த பின்னரே பதிலளிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.