பந்தும் மூளையும்

1968ஆம் வருஷம் லண்டன் வெம்பிளி மைதானத்தில், எவர்ட்டன் அணியை வென்று வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியபோது அந்த ஒரே கோலை அடித்தவரும், தாவியெழுந்து தலையால் பந்தைச் செலுத்துவதில் நிபுணர் என்று பெயரெடுத்தவருமான ஜெஃப் ஆஸில், 2002இல், 59 வயதில், மறதி நோய் முற்றிக் காலமானார். தொழிலால் வந்த வியாதியே மரணத்துக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். நிலக்கரித் தூசியைச் சுவாசித்தே மாண்டுபோகும் சுரங்கத் தொழிலாளியின் வரிசையில் ஒரு கால்பந்து வீரரும் சேர்ந்துவிட்டார்!

கபாலத்தினுள் திரவத்தில் மிதக்கும் மூளையானது, தலை திடீரென்று அதிரும்போதும் திரும்பும்போதும் தானும் உள்ளே சுழல, அதன் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு நைகின்றன. அவ்விழைகளுக்கு உறுதியளிக்கும் டௌ என்ற புரதம் விகாரமடைந்து, மூளை மடிப்புகளின் அடியில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றி முடிச்சு முடிச்சாகப் படிகிறது. மயங்கி விழச்செய்யும் பேரடிதான் வேண்டுமென்பதில்லை. வீரர் லட்சியம் செய்யாத சிற்றடிகள் வருஷக்கணக்கில் சேர்ந்தாலே போதும். இவ்வாறு விளையும் மூளைச் சிதைவு நோயை நிச்சயமாகக் கண்டறிவதோ, இன்றளவும், மரணத்துக்குப் பின் மூளையைப் பரிசோதித்தே.

தலைக்கவசம் இருக்கிறதே என்பார்கள். அது மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை சுழல்வதை அதனால் தடுத்துவிட முடியாது. கவசமணிந்தே ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், தொழில்முறை வீரர்களாயிருந்த 111 பேரின் மூளைகளைப் பாஸ்டன் சர்வகலாசாலையார் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, 110 மூளைகளில் நோயின் அடையாளம் இருந்தது. (நோயைச் சந்தேகித்த குடும்பத்தாரே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்திருப்பார்களாதலால், ஆடியவர் அனைவருக்கும் இந்த விகிதத்தைப் பொருத்திப் பார்ப்பது தவறு.)

என் அபிப்பிராயத்தில், இதனினும் நம்பத்தக்க சாட்சியம் கிளாஸ்கோ ஆராய்ச்சியாளருடையது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர் 7,676 பேரின் ஆவணங்களைப் பொதுஜனங்களுடையவற்றோடு ஒப்பிட்ட அவர்கள், மூளைச் சிதைவு நோய்களால் மாண்டவர் வீரர்களிடையே சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் கண்டனர். பின்னர் ஆடுமிடம்வாரியாகப் பிரித்துப் பார்த்ததில், தலையால் அதிகம் அடிக்கும் தற்காப்பாளருக்கு அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கையால் பந்தைப் பிடிக்கும் கோல்காப்பாளருக்கோ பொதுஜனங்களினும் குறிப்பிடத்தக்க அளவு அதிகமில்லை.

ஆகவே, அடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே பிரதான பரிகாரம். இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையடி கிடையாது. பெரியவர்களுக்கும், பயிற்சியில் வேகமான தலையடி வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாமென்று மறுவருஷம் வழிகாட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் கற்பிக்கும் நம் ஆசிரியர்களும் இவ்வழக்கத்தை இந்த வருஷமே கைக்கொள்ளலாம். அதற்குப் பணச்செலவு ஒன்றுமில்லை.