ஓடும் சக்கரம் – 9: இருபதுதானே கூட!

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் நான்குவழிச் சாலை வழவழவென்று நீள்கிறது. இரண்டு கார்கள் அக்கம்பக்கமாக வருகின்றன. ஒன்று மணிக்கு 80 கி.மீ., இன்னொன்று 100. நடுத்திட்டு இடைவெளியிலிருந்து ஒரு டிராக்டர், டிரெய்லரோடு குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். ஒரே மாதிரி பிரேக் அடிக்கிறார்கள். 80-இல் வந்தவர் டிரெய்லருக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டார். மற்றவர் எந்த வேகத்தில் போய் மோதுவார்?

யாரைக் கேட்டாலும் 20 என்றுதான் சட்டென்று சொல்வார்கள். விடை, ஏறத்தாழ 68.

கண் பார்த்து, கால் ஆக்சிலேட்டரை விட்டு பிரேக்குக்கு வர ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம். (விழிப்பாக ஓட்டுபவருக்கு. செல்போன் பேசுபவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) அதற்குள் முதல் கார் 22 மீட்டர் வந்துவிடும், அடுத்தது 28 மீட்டர். காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்றால் 80-இலிருந்து நிற்க இன்னும் 36 மீட்டர் போதும். 100-க்கு 56 மீட்டர் வேண்டும். ஆனால் டிரெய்லருக்கு முன்னால் மிச்சமிருப்பது 30 மீட்டர்தான்.

பிரேக் மீட்டருக்கு மீட்டர் சம அளவில் குறைப்பது வேகத்தை அல்ல, ஆற்றலை. ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 100-இன் வர்க்கம் 10,000. 80-இன் வர்க்கம் 6,400. மிச்சம் 3,600, அதன் வர்க்கமூலம் 60. அதாவது 100-இலிருந்து 80-க்கு இறங்கப் பிடிக்கும் தூரத்தில், 60-இல் வரும் கார் முழுக்க நின்றே விடும்! பிரேக் மிதிக்குமுன் கூடுதலாக ஓடிய 6 மீட்டரையும் சேர்த்தால் 68. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோமே, v² = u² + 2as, அது சொல்வதும் இதைத்தான்.

இந்த வர்க்கம் லேசில் ஒப்புக்கொள்ளப்படவில்லை. 1720-களில் நெதர்லாந்தின் லைடன் நகரப் பேராசிரியர் ஸ்க்ராவசாண்ட, பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்மேல் போட்டுப் பார்த்தார். இருமடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழம் புதைந்தது. நியூட்டனின் வழிவந்தவர்களில் பலர் அப்போதும் முகம் சுளித்தார்கள். பிரான்சில் எமிலி து ஷாத்லே 1740-இல் வெளியிட்ட தன் நூலில் வர்க்கத்தின் பக்கமே நின்றார்.

மழையில் உராய்வு பாதியானால் பிரேக் தூரம் இரட்டிக்கும். மொட்டை டயரென்றால் கேட்கவே வேண்டாம். சாலைப் பொறியாளர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்தே திட்டமிடுகிறார்கள். இந்தியச் சாலைப் பேரவையின் அட்டவணைப்படி 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டரும், 100-க்கு 180 மீட்டரும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தடையில்லாமல் தெரிய வேண்டும். ஓட்டுநர் சுதாரிக்க அவர்கள் தருவது இரண்டரை வினாடி.

இந்தச் சமன்பாட்டில் எங்குமே எடை வரவில்லை. காகிதத்தில், இருபது டன் லாரியும் காரும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். தொப்பூர் கணவாயில் ஏன் அப்படி நிற்பதில்லை, லோடு லாரியை ஏன் கியரிலேயே இறக்குகிறார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)