மழை பேஞ்சா விதை

பாஞ்சாலங்குறிச்சி தொடங்கி கோவில்பட்டி வரை கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. மழை பேஞ்சா விதைக்கணும், இல்லேன்னா பொறுக்கணும். அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. நிரல் எழுதுவதில் பாதி இந்தக் கணக்குதான். ஆனாலும் ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளை, முதல் மாதமே மிரண்டு போகிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டுக்குப் பைத்தான். வரிசை தலைகீழ். சி++ என்பது பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கியது. பெரிய மென்பொருள் கட்டுகிறவர்களுக்கான கருவி. அதில் திரையில் 'வணக்கம்' வரவைக்கவே தலைப்புக் கோப்பு, மெயின், அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாம் வேண்டும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலர் பல நேரம் அடுத்த வரியைக் கைகாட்டித் திட்டும். தமிழ்வழியில் படித்தவரையும் ஆங்கிலத்தில்தான் திட்டும்.

கீடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தானில் அந்த வணக்கம் ஒரே வரி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டம், சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கும் முதல் செமஸ்டரில் பைத்தானையே வைத்தது.

முத்தையா அண்ணாமலை இன்னும் ஒரு படி முன்னால் யோசித்தார். அவர் உருவாக்கிய 'எழில்' தமிழ்ச் சொற்களாலேயே எழுதும் நிரல்மொழி. அதைக் கட்டியதும் பைத்தானில்தான். கரிசல் கணக்கை அதில் இப்படி எழுதலாம்:

மழை = 25
@( மழை > 20 ) ஆனால்
பதிப்பி "விதை"
இல்லை
பதிப்பி "பொறு"
முடி

ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னால் நிற்கும். இங்கே நிபந்தனை முதலில், 'ஆனால்' பின்னால். 'பேஞ்சா' என்று வினையின் வாலில் ஒட்டுகிற நம் பேச்சின் அதே போக்கு. சொற்களைப் பெயர்த்ததைவிட இந்த இடமாற்றம்தான் கெட்டிக்காரத்தனம்.

எழிலை நம்பி வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் அதைப் பழகப் பத்து நாள் போதும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் பள்ளி திறப்புக்கும் நடுவே கிடைக்கும் கோடை விடுமுறையில் அந்தப் பத்து நாளை முடித்துப் பைத்தானுக்குப் போய்விட்டால், ஜூனில் சி++ வரும்போது அரைப்புள்ளியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். மேலே உள்ள ஆறு வரி பைத்தானில் ஐந்தாகும். 'முடி'க்கு அங்கே வேலையில்லை. வரியை உள்ளே தள்ளி எழுதுவதே எங்கே முடிகிறது என்பதைச் சொல்லிவிடும்.