எழுவாயும் அதிகாரமும்

ஒப்பந்தங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 'மொழிபெயர்ப்புல ஏமாத்திட்டாங்க' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தமிழ் இலக்கணம் படித்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு.

1889 மே 2. எத்தியோப்பியாவில் வுச்சாலே என்ற இடத்தில் மன்னர் மெனலிக்குக்கும் இத்தாலிக்கும் ஒப்பந்தம். அம்ஹாரிக், இத்தாலியன் என இரண்டு பிரதிகள். பிற நாடுகளோடு பேச இத்தாலியின் உதவியை மன்னர் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது 17ஆவது ஷரத்தின் அம்ஹாரிக் பிரதி. இத்தாலியப் பிரதியிலோ, பெற்றுக்கொள்ள அவர் சம்மதிக்கிறார். 'லாம்' காணாமல் போய்விட்டது. இந்த ஒரு வினையைக் காட்டித்தான் எத்தியோப்பியா தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு என்று ஐரோப்பிய வல்லரசுகளுக்கு இத்தாலி அறிவித்தது.

இத்தாலியப் பிரதியில் கட்டளை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கணும். இத்தாலி எழுவாயாக வந்து நிற்கவில்லை. எழுவாய் மெனலிக்தான், சம்மதிப்பவர் அவர். பலமுள்ளவன் வாக்கியத்திலிருந்து நழுவிக்கொள்ள, எளியவனுக்கு எழுவாய் ஸ்தானம் கிடைக்கிறது. (நம்மூர் வட்டிக்கடைப் பத்திரத்திலும் 'முழு மனதுடன்' என்று எழுதித் தருகிறவன் கடன் வாங்கினவன்தானே!)

19ஆவது ஷரத்து இன்னும் வேடிக்கை. இரண்டு பிரதிகளும் முற்றிலும் ஒத்துப்போகின்றனவாம், இரண்டும் சம மதிப்புடையனவாம். சரி, லண்டனிலும் பெர்லினிலும் அம்ஹாரிக் பிரதியை யார் படித்தார்கள்? மெனலிக் நேரடியாக எழுதிய கடிதத்துக்கு, இத்தாலி மூலமாகத் தொடர்புகொள்ளுங்கள் என்றுதான் 1890இல் விக்டோரியா ராணியிடமிருந்து பதில் வந்தது. இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சரி எது பிழை என்று பார்க்கும் நம் வாசிப்புப் பழக்கம் இந்த இடத்தில் திணறிப் போகிறது. எந்தப் பிரதி செல்லுபடியாகும் என்பது பிரதிக்கு வெளியே முடிவாகியிருந்தது.

1893இல் மெனலிக் ஒப்பந்தத்தையே நிராகரித்தார். 1896 மார்ச் 1 அன்று அட்வா போரில் இத்தாலியப் படை தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அடிஸ் அபாபாவில் எழுதிய புது ஒப்பந்தம் வுச்சாலே ஒப்பந்தத்தை ரத்து செய்து, எத்தியோப்பியாவின் முழுச் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு வினைச்சொல் பற்றிய தகராறைத் தீர்த்தது பண்டிதர்கள் அல்ல. இத்தனைக்குப் பிறகும் எரித்ரியா இத்தாலியின் கையிலேயே இருந்தது.