கல்லா ஒன்று, சரக்கு ஒன்று: ஒரு நாட்டின் வியாபாரம்

வணிகப் பெருமக்களுக்கு எக்குவடோரியல் கினி என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமுள்ள இந்நாடு, பரப்பில் நம் தமிழகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 1968-ல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றபோது கோகோதான் அதன் முக்கியச் சரக்கு. முதல் அதிபர் மசியாசின் கொடுங்கோல் ஆட்சியில் அந்தத் தோட்டத் தொழில் பாழானது. 1979-ல் அவரை வீழ்த்திய உறவினர் ஒபியாங்கே இன்றும் அதிபர். மகன் துணை அதிபர்.

1995-ல் கடலுக்கடியில் சஃபிரோ என்னும் பெரிய கச்சா எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. பணம் கொட்டியது. தலைக்கு வருமானம் என்று வகுத்துப் பார்த்தால் ஆப்பிரிக்காவின் முன்வரிசை நாடு. ஆனால் சாதாரண மக்களில் பெரும்பாலோரின் வறுமை தீரவில்லை. நாட்டுப் பணத்தை முறைகேடாகப் பாரிசில் சொத்தாக்கிய வழக்கில் அதிபரின் மகனுக்கு 2017-ல் பிரெஞ்சு நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2021-ல் அது உறுதியானது.

2005-ஐ ஒட்டி உச்சம் தொட்ட எண்ணெய் உற்பத்தி பின்னர் சரிந்தது. 2014-ல் உலகச் சந்தையில் விலையும் விழுந்தது. சஃபிரோவை நடத்திய அமெரிக்க நிறுவனம் 2024-ல் விலகியது. கைகொடுக்கப் போதிய மாற்றுச் சரக்கு இல்லை.

ஒரே தொழிற்சாலையின் சம்பள நாளை நம்பிக் கடன் கொடுக்கும் அம்பத்தூர், ஆவடி கடைக்காரருக்கு இது புரியாததல்ல. கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் தனித்தனியே எழுதுவோம். நல்ல நாளிலேயே இரண்டாவது சரக்கைத் தேடுவோம்.