கூடுகள் சொல்லும் கணக்கு

பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுவதற்கு மனித நடமாட்டமற்ற இடங்களையே நாடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறன்று. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், 1928-இல் திறக்கப்பட்ட டைன் பாலத்தின் விளிம்புகளில், கிட்டிவேக் என்னும் கடற்பறவைகள் ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கின்றன. செங்குத்தான கடற்பாறைகளுக்கு மாற்றாக அவை கண்ட இடம் அது. கடலற்ற நம் தலைநகர் தில்லியிலும் அத்தகைய பறவைக் குடியிருப்பு ஒன்று உண்டு. பழைய கோட்டையை அடுத்துள்ள தேசிய விலங்கியல் பூங்காவே அந்த இடம்.

1959-இல் பூங்கா திறக்கப்பட்டது. மறு ஆண்டே மஞ்சள் மூக்கு நாரைகள் தாமாக வந்து, குளத்திட்டுகளில் வளர்ந்த மரங்களில் கூடு கட்டின. இவை கூண்டுப் பறவைகள் அல்ல. ஆகஸ்டு மாதத்தில் வந்து, குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின் மார்ச் வாக்கில் விடைபெறுபவை. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஏ. ஜே. உர்ஃபி இவற்றைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 2011-இல் நூலொன்றை வெளியிட்டார்.

இவற்றை எண்ணுவது எவ்வாறு? நாரைகள் இரை தேடிப் போவதும் வருவதுமாக இருப்பதால், பறவைகளை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறும். ஆகவே கூடுகளை எண்ண வேண்டும். குறித்த இடத்தில் நின்று, குறித்த இடைவெளியில், எந்தக் கூட்டில் அடைகாத்தல் நடக்கிறது, எதில் எத்தனை குஞ்சுகள் உள்ளன என்று தொலைநோக்கியால் பார்த்துப் பதிய வேண்டும். நெருங்கிச் செல்லுதல் கூடாது. தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால், முட்டைகள் காகங்களுக்கு இரையாகிவிடும்.

இக்கணக்கால் விளையும் பயன் யாது? குஞ்சுகளுக்குரிய மீன்களை நாரைகள் யமுனையிலிருந்தும் சுற்றியுள்ள நீர்நிலைகளிலிருந்தும் கொணர்கின்றன. பருவமழைக்குப்பின் மீன்வளம் பெருகும் காலத்தில் குஞ்சுகள் வளர்கின்றன. எனவே கூடுகளின் எண்ணிக்கை நீர்நிலைகளின் நலத்தையும் உணர்த்துகிறது. ஆயினும் ஓராண்டுக் குறைவைக் கொண்டு முடிவு கட்டலாகாது; அது மழை பொய்த்ததன் விளைவாகவும் இருக்கலாம். கணக்கேட்டின் ஒரு பக்கம் நிலுவையைக் காட்டும். பல பக்கங்களே போக்கைக் காட்டும்.

நோயைக் கண்டறியவும் இக்கண்காணிப்பு இன்றியமையாதது. 2016 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, இறந்த பறவைகளில் நாரைகளும் இருந்தன; பூங்கா மூடப்பட்டது. வழக்கமான நிலையை அறிந்த கண்களுக்கே வழக்கத்துக்கு மாறானது விரைவில் புலப்படும்.

நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் இதே நாரைகள் ஊர் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அங்கே பருவம் சற்றுப் பின்தங்கும். ஜனவரிதோறும் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஆர்வலர்களும் பங்கேற்கலாம். அதற்குத் தேவையானவை தொலைநோக்கி, குறிப்பேடு, பொறுமை ஆகிய மூன்றே.