கூரை ரேட்: ஒரு சதுர அடிக்குள் என்னென்ன?

மொட்டைமாடியில் ஷீட் கூரை போடும் காண்ட்ராக்டர் வீட்டுக்காரரிடம் சொல்வது ஒரே எண்: சதுர அடிக்கு இவ்வளவு. ஷீட், இரும்பு பைப், ஸ்க்ரூ, வெல்டிங் கூலி, மாடிக்கு ஏற்றும் செலவு, லாபம் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தக் கணக்கை இரும்பு வியாபாரிகளாகிய நாமும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் அளவு. தரை 600 சதுர அடிதான் என்றாலும், கூரை 30 டிகிரி சரிந்தால் ஷீட் மூடும் பரப்பு சுமார் 693 சதுர அடி. எந்த அளவுக்கு ரேட் என்று முதலிலேயே பேசாவிட்டால் கடைசியில் தகராறு.

அடுத்தது கனம். 0.50 மி.மீ. ஷீட் என்று பேசி 0.45 மி.மீ. போட்டால் பத்தில் ஒரு பங்கு குறைகிறது, கண்ணுக்குத் தெரியாது. பைப்பை நாம் கிலோவில் விற்கிறோம். அவர் சதுர அடியில் விற்கிறார். கனம் குறைந்தால் மிச்சம் அவருக்கு.

காற்று மழையில் கூரை ஆடினால் வீட்டுக்காரர் கேட்பது, "எந்தக் கடைச் சரக்கு?" என்றுதான். பழைய விலைக்கு வேலை பிடித்தவர் இரும்பு விலை ஏறி நஷ்டப்பட்டால், நிலுவையில் நிற்பது நம் பாக்கிதான்.

ஆகவே பில்லில் கனம், நீளம், எடை மூன்றையும் எழுதிக் கொடுப்போம். விலைப்பட்டியலில், அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் குறிப்போம்.